கேம் கன்சோலைத் திறக்கும் முன்: சட்டம் கேட்பது என்ன, பதிவேட்டில் எழுதுவது என்ன

கீழக்கரையில் கேம் கன்சோல், அதாவது வீடியோ கேம் ஆடும் பெட்டி, பெரும்பாலும் கடையில் வாங்கும் பொருள் இல்லை. ஊருக்கு வருபவரின் பெட்டியில் வரும் பொருள். வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது, சாச்சா (சித்தப்பா) சிங்கப்பூரில் ஆடித் தீர்த்துவிட்டுக் கொடுத்தது, காக்கா (அண்ணன்) கத்தாரில் வேலை முடிந்து திரும்பும்போது அறைத்தோழரிடம் பாதி விலைக்கு வாங்கியது. வந்து சில மாதம் ஆனதும் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டும். அப்போது அது என் மேசைக்கு வரும். பரமக்குடி அரசு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வீட்டின் முன்னறையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பையன்கள் லாத்தா (அக்கா) என்று அழைப்பார்கள். பழுதைச் சொல்லி முடித்த கையோடு குரலைத் தாழ்த்தி அடுத்ததைக் கேட்பார்கள்: "லாத்தா, இதை உடைத்தும் தருவீர்களா?"

அவர்கள் கேட்பது ஜெயில்பிரேக். முன்பு அதையே 'சிப் போடுவது' என்றார்கள். தயாரிப்பு நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை நீக்கி, நிறுவனம் அனுமதிக்காததையும் ஓட வைப்பது.

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. எதற்காக உடைக்கச் சொல்கிறாய் என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். இந்தியச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. சொந்தக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் என்னைப் போலச் சிறு கடை வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்துவிட்டுத் திருகாணி கழற்றுகிறவள். வழக்கு என்று வந்துவிட்டால் ராமநாதபுரம் நீதிமன்ற வாசலில் தகுந்தவர்கள் இருக்கிறார்கள்.

திறப்பதும் சரிசெய்வதும்

நான்கு வேலைகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பெட்டியைத் திறப்பது ஒன்று, பழுதான பாகத்தை மாற்றுவது ஒன்று, மென்பொருள் பூட்டை நீக்குவது ஒன்று, கேமைப் பிரதியெடுப்பது ஒன்று. நான்குக்கும் சட்டத்தில் வெவ்வேறு இடம். முதல் இரண்டுக்குப் பயப்படவே வேண்டாம். ஆனால் நான் பார்க்கிற வரையில் மக்கள் தலைகீழாக இருக்கிறார்கள்: ஸ்டிக்கரைக் கிழிக்க நடுங்குகிறவர், பக்கத்துத் தெருவில் இருநூறு திருட்டு கேம் ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கூசாமல் வாங்கி வருகிறார்.

காசு கொடுத்து வாங்கிய பெட்டி உங்களுடையது. அதைத் திறக்கக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. 'இது கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும்' என்ற ஸ்டிக்கர் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான பேச்சு. அதை மீறுவது குற்றம் ஆகாது. அமெரிக்காவில் அந்த ஸ்டிக்கருக்கே மதிப்புக் குறைவு. 2018 ஏப்ரலில் அங்குள்ள மத்திய வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு இது குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் அதில் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒரு தெளிவான விதி இல்லாததால், உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் முதலில் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே கொண்டுபோகச் சொல்வேன். வெளிநாட்டில் வாங்கிய பெட்டிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதை அட்டையில் படித்துப் பாருங்கள். நின்டெண்டோவுக்கோ இந்தியாவில் நேரடி விற்பனையே கிடையாது. அதன் பெட்டி எல்லாமே பெட்டிக்குள் வந்த பெட்டிதான்.

பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு டெல்லியில் 2022இல் சூடு பிடித்தது. நுகர்வோர் விவகாரத் துறை ஜூலையில் ஒரு குழு அமைத்தது. டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கென ஓர் இணையத்தளமும் வந்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று துறைகளைச் சொன்னார்கள். கேம் கன்சோலைத் தனியாகப் பெயர் சொல்லவில்லை. அது நிறுவனங்கள் தகவல் வைக்கும் இடமே தவிர, உதிரிபாகத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. 2014இல் உதிரிபாகங்களைத் தங்கள் ஆட்களுக்கு மட்டுமே கொடுத்த 14 கார் நிறுவனங்களுக்குப் போட்டி ஆணையம் அபராதம் போட்டது. கன்சோலுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நான் இனிப்பு வாங்கிக் கொடுப்பேன்.

இனி மேசைக்கு. பிளேஸ்டேஷன் 4க்கு டி8 டார்க்ஸ் என்ற நட்சத்திரத் தலைத் திருப்புளி வேண்டும், நடுவில் குழி விழுந்தது. சாதாரண டார்க்ஸ் உள்ளே போகாது. நின்டெண்டோவுக்கு மூன்று சிறகுத் திருகாணி. இந்த இரண்டையும் இருநூறு ரூபாய் திருப்புளிப் பெட்டியால் திருகி, தலை வழுக்கிப்போன நிலையில் என்னிடம் கொண்டுவராதீர்கள். திறக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். வரிசை எண் தெரியும்படி ஒன்று. பிறகு பின்புறத்தில் டி.வி. கம்பி செருகும் எச்.டி.எம்.ஐ. துளையை விளக்கு வைத்துப் பாருங்கள். நம் கரையில் பாதிக் கதை அங்கேயே எழுதியிருக்கும்: உலோக உறையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி, அதற்குள்ளே முள்களின் வேரில் பாசி பிடித்தது போலப் பச்சை. அது செம்பு அரித்த களிம்பு. முட்கள் வளையாமல் இருந்தால் ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் போதும். முள் உதிர்ந்துவிட்டால் துளையையே மாற்றிச் சால்டரிங் செய்ய வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் எங்கள் மன்னார் வளைகுடாப் பக்கத்து வீடுகளிலிருந்தும், வாடை தொடங்கியதும் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்திலிருந்தும் இதே பழுது வரும். ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டாலே பழுது பாதி புரிந்துவிடும். கன்சோலின் விசிறி காற்றை உள்ளே இழுக்கிற பொருள். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்தால் உப்பையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

சில மாற்றங்களை நிறுவனமே அனுமதித்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 4இன் ஹார்ட் டிஸ்க்கைப் பெரிதாக மாற்றலாம். மென்பொருளைச் சோனியின் தளத்திலிருந்தே இறக்கி யு.எஸ்.பி. வழியாகப் போடலாம். பிளேஸ்டேஷன் 5இல் கூடுதல் எஸ்.எஸ்.டி. (சேமிப்புக் கருவி) போடும் இடத்தை 2021 செப்டம்பரில் திறந்துவிட்டார்கள். இவற்றுக்காகத் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டு கடைக்கு வரத் தேவையில்லை.

ஜோடி சேர்த்த பாகங்கள்

சிக்கல் கேம் தட்டு (டிஸ்க்) ஓடும் டிரைவில் தொடங்குகிறது. எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் டிரைவின் சிறு போர்டும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. இன்னொரு பெட்டியிலிருந்து நல்ல டிரைவைக் கழற்றி மாட்டினால், தட்டை இழுத்துக்கொள்ளும், சுழற்றும், கேம் ஓடாது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக்கொள்கின்றன, பதில் பொருந்தவில்லை. திருட்டுத் தட்டைத் தடுப்பதற்கு என்று சொல்லிப் போட்ட பூட்டு, அசல் தட்டு வைத்திருக்கும் ஏர்வாடிப் பையனையும் வெளியே நிறுத்துகிறது. பிளேஸ்டேஷன் 5இன் 2023 மாடலில் டிரைவைக் கழற்றி மாட்டலாம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அதையும் முதல் தடவை இணையத்தில் இணைத்து ஜோடி சேர்த்தால்தான் ஓடும்.

இதற்குப் பூட்டை உடைக்காத வழி இருக்கிறது, முதலில் அதையே செய்யுங்கள். லேசர் மட்டும் தேய்ந்திருந்தால் லேசரை மட்டும் மாற்றுங்கள். டிரைவின் இயந்திரப் பகுதி போயிருந்தால், புதிய டிரைவில் பழைய பெட்டியின் சிறு போர்டை எடுத்துப் போடுங்கள். ஜோடி கலையாது. சட்டக் கேள்வியே எழாது. பழைய போர்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் என்னை அழ வைக்கிறார்கள்.

சிறு போர்டே எரிந்துபோயிருந்தால்? அங்கேதான் பூட்டைத் தாண்ட வேண்டிய நிலை. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் தாண்டுவதையே குற்றமாக்கியிருக்கிறது. உங்கள் எண்ணம் நல்லதா என்பது இரண்டாம் பட்சம். அதனால் அங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காங்கிரஸ் நூலகத்திடம் விலக்கு கேட்டு நிற்கிறார்கள். 2021இல் கன்சோலுக்குக் கிடைத்த விலக்கு இவ்வளவுதான்: தட்டு டிரைவைப் பழுதுபார்க்க மட்டும் பூட்டைத் தாண்டலாம், வேலை முடிந்ததும் பூட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். கைப்பேசிக்கு 2010இலேயே ஜெயில்பிரேக் விலக்கு கொடுத்தவர்கள், கன்சோலுக்கு 2012இல் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்.

நம் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு 2012இல் சேர்ந்தது. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட பூட்டை, அந்த உரிமையை மீறும் எண்ணத்துடன் தாண்டினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். 'மீறும் எண்ணத்துடன்' என்ற இரண்டு சொற்களில்தான் என் கடையே நிற்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகப் பூட்டைத் தாண்டுவதை முதல் உட்பிரிவு தடுக்காது என்கிறது. எரிந்த டிரைவை மாற்றி அசல் தட்டை ஓட்டுவது எந்தப் பதிப்புரிமையையும் மீறுவதில்லை என்பதே என் வாசிப்பு.

பதிவேடு

ஆனால் அந்த உட்பிரிவுக்குக் கீழே ஒரு நிபந்தனை தொங்குகிறது. அதைப் படித்த கடைக்காரர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. இன்னொருவர் பூட்டைத் தாண்டுவதற்கு நீங்கள் உதவினால், அவருடைய பெயர், முகவரி, அவரை அடையாளம் காணத் தேவையான விவரங்கள், என்ன நோக்கத்துக்காக உதவினீர்கள் என்பது எல்லாவற்றையும் முழுமையாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும். சொந்த வீட்டில் சொந்தப் பெட்டியை உடைப்பவருக்கு இது பொருந்தாது. கடைக்காரருக்குப் பொருந்தும். தெரிந்த பையனுக்குக் காசு வாங்காமல் செய்து கொடுத்தாலும் பொருந்தும். சட்டம் கூலியைப் பற்றிப் பேசவில்லை, உதவியைப் பற்றிப் பேசுகிறது.

நான் வைத்திருப்பது கட்டம் போட்ட நீளக் கணக்குப் புத்தகம். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டுவிடுங்கள். இடையில் ஒரு தாளைச் செருகியதாக யாரும் சொல்ல முடியாது. ஒரு வேலைக்கு ஒரு பக்கம். மேலே தேதி, பெட்டியின் மாடல், வரிசை எண். அடுத்து கொண்டுவந்தவரின் பெயர், தந்தை பெயர், தெரு, அலைபேசி எண். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் வர வேண்டும். உம்மா வந்தால் நல்லது, அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஆதார் நகல் நான் வாங்குவதில்லை. சட்டம் அடையாளம் காணும் விவரம் கேட்கிறது, ஆதார் கேட்கவில்லை. தேவையில்லாத நகலைச் சேர்த்து வைப்பது எனக்கே தலைவலி.

நோக்கம் என்ற இடத்தை நான் எழுதுவதில்லை. வந்தவர் கையால் எழுத வேண்டும். 'பழுது' என்று ஒரு சொல் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் (வட்டாரப் பூட்டு என்றால், ஒரு வட்டாரத்துக்கு விற்ற தட்டை வேறு வட்டாரக் கன்சோலில் ஓட விடாத பூட்டு):

"என் பிளேஸ்டேஷன் 2 துபாயில் வாங்கியது. சிங்கப்பூரில் என் சாச்சா வாங்கிய அசல் தட்டுகள் வட்டாரப் பூட்டினால் இதில் ஓடவில்லை. அந்தத் தட்டுகளை என் வீட்டில் ஓட்டுவதற்காக மட்டும் பூட்டை நீக்கக் கேட்கிறேன். தட்டுகளைக் காட்டினேன். பட்டியல் பின்பக்கம்."

கீழே கையெழுத்து. அதற்குக் கீழே நான் என்ன செய்தேன், எந்தப் பாகத்தைப் போட்டேன், எந்தக் கேமையும் ஏற்றவில்லை என்று என் எழுத்தில். ஒரு பிரதியைப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுவேன். கார்பன் தாள் வைத்தும் பார்த்தேன். இந்த ஊர் ஈரத்தில் இரண்டு தாளும் ஒட்டிக்கொள்கின்றன.

இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். ஒரு பெரியவர், "என்னம்மா, காவல் நிலையத்துக்கு வந்தது போல இருக்கிறதே" என்றார். "காக்கா, காவல் நிலையத்துக்குப் போகாமல் இருக்கத்தான் இது" என்றேன். எழுதிக் கொடுத்தார். எழுத மறுத்துப் போகிறவர் எதற்காகப் போகிறார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: பதிவேடு தப்பான வேலையைச் சரியாக்காது. 'இணையத்தில் இறக்கிய கேம் ஓட்ட' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது உங்களுக்கு எதிரான சாட்சியாக உங்கள் புத்தகத்திலேயே இருக்கும்.

அதே சிப், வேறு நாடு

மேலே எழுதிய பிளேஸ்டேஷன் 2 பக்கத்தில் ஒரு உறுத்தல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. வட்டாரப் பூட்டை நீக்கும் சிப் திருட்டுத் தட்டையும் ஓட்டும். முதல் பிளேஸ்டேஷனில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் புரியும். அசல் தட்டின் உட்புற ஓரத்தில் பாதை மிகச் சிறிதாக அலைந்து வரும்; அந்த அலைவில் வட்டார அடையாளம் நான்கு எழுத்தாக எழுதப்பட்டிருக்கும். வீட்டு சி.டி. ரைட்டரால் அந்த அலைவைப் போட முடியாது. சிப் செய்வது ஒரே காரியம்: தட்டு என்ன சொன்னாலும், அந்த நான்கு எழுத்தைத் தானே கன்சோலின் காதில் ஓதிவிடும். வேறு வட்டார அசல் தட்டும் ஓடும், ரைட்டரில் எழுதிய தட்டும் ஓடும். சிப்புக்கு இரண்டும் ஒன்று.

அதனால்தான் நாட்டுக்கு நாடு தீர்ப்பு மாறியது. ஆஸ்திரேலியாவில் சிப் போட்டு விற்ற ஒருவர் மீது சோனி தொடுத்த வழக்கில், 2005இல் அந்நாட்டு உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரதியெடுப்பதைப் பூட்டு தடுக்கவில்லை, எடுத்த பிரதி ஓடுவதைத்தான் தடுக்கிறது என்பது அந்த நீதிமன்றத்தின் விளக்கம். அடுத்த ஆண்டே அங்கே சட்டத்தைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 ஜனவரியில், நின்டெண்டோ தொடர்பான வழக்கில், அந்தக் கருவியை மக்கள் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொன்னது. ஜப்பானில் 2018 இறுதியிலிருந்து கன்சோல் மாற்றும் சேவையை விற்பதே குற்றம். அமெரிக்காவில் நின்டெண்டோ ஸ்விட்சை உடைக்கும் கருவிகளை விற்ற குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் 40 மாதச் சிறை விதித்தார்கள்.

இந்தியாவிலும் 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், பிளேஸ்டேஷனை மாற்றித் திருட்டு கேம்களுக்கு வழி செய்தவர்களுக்கு எதிராகச் சோனி தடையாணை பெற்றது. ஆகவே 'நம் ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்' என்று சொல்பவருக்கு என்னிடம் மரியாதை இல்லை.

குடும்பத்தில் ஒருவர் கடல் கடந்து இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவரிடம் சிப் வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள். நான் மேலே சொன்ன சலுகை இந்தியச் சட்டத்தின் சலுகை. அவர் நிற்பது வேறு மண். அசல் தட்டு கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் தவறே இல்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி கொண்டுவருவதை 51ஆம் பிரிவே விட்டுவைத்திருக்கிறது.

பிரதி எடுக்கலாமா?

கேம் சட்டத்தின் கண்ணில் முதலில் ஒரு கணினி நிரல். 52ஆம் பிரிவு நியாயமாக வைத்திருப்பவருக்கு இரண்டு வாசல் திறக்கிறது. தொலைந்தால், கெட்டால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தற்காலிகப் பிரதி எடுத்து வைக்கலாம். நீங்களே முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து, வியாபாரம் இல்லாத சொந்த உபயோகத்துக்குப் பிரதியோ மாற்றமோ செய்துகொள்ளலாம். உங்கள் கேமில் தமிழ் எழுத்து வரும்படி மாற்றி நீங்களே ஆடினால் இந்த வாசலுக்குள் வரும் என்று நம்புகிறேன். கேமுக்குள் இசையும் காட்சியும் தனிப் படைப்புகளாக இருப்பதால், எல்லாமே இதற்குள் அடங்கும் என்று துள்ள வேண்டாம்.

'உங்கள் பிரதியிலிருந்து' என்பதைக் கவனியுங்கள். அலமாரியில் அசல் தட்டு இருக்கிறது, அதனால் அதே கேமை இணையத்தில் இறக்கினேன் என்றால், அது இன்னொருவர் எடுத்த பிரதி. தட்டை விற்றுவிட்டுப் பிரதியை வைத்துக்கொள்வதும் அப்படியே. பழைய கேம், நிறுவனமே மூடிவிட்டது, இனி யாருடையதும் இல்லை என்பது நான் அதிகம் கேட்கும் பொய். நம் நாட்டில் பதிப்புரிமை அறுபது ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. வீடியோ கேம் என்ற தொழிலுக்கே வயது அவ்வளவாக இல்லை.

எமுலேட்டர் என்பது கன்சோலைப் போலவே நடந்து அதன் கேமை வேறு கருவியில் ஓட்டும் மென்பொருள். அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே சோனி ஒரு எமுலேட்டர் நிறுவனத்திடம் மேல்முறையீட்டில் தோற்றது. ஆனால் பூட்டின் சாவியும் திருட்டுப் பிரதியும் சேரும்போது கதை மாறும்: யூசு என்ற ஸ்விட்ச் எமுலேட்டரை உருவாக்கியவர்கள் 2024இல் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள்.

கேம் ஏற்றிய டிஸ்க்

இதில் பேச அதிகம் இல்லை. கேம் ஏற்றிக் கொடுக்காதீர்கள், ஏற்றியதை விற்காதீர்கள். 63ஆம் பிரிவு மீறியவரையும் உடந்தையாக இருந்தவரையும் சேர்த்தே பிடிக்கும்: ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கி ஆடுபவருக்கு 63பி. திருட்டு என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை. லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். மணிக்கு இவ்வளவு என்று ஆட விடும் கேம் சென்டர்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அசல் தட்டையே வாடகைக்கு விடுவதும் உரிமையாளரின் அனுமதிக்கு உட்பட்டது என்பதை அவர்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பழைய கன்சோல் வாங்குபவர், காசைக் கொடுக்கும் முன் விற்பவர் முன்னாலேயே இணையத்தில் இணைத்து உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். உடைத்த பெட்டியை நிறுவனம் தன் சேவையிலிருந்து தடைசெய்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இது குற்றவியல் சட்டம் இல்லை, நிறுவனத்தோடு நீங்கள் 'ஏற்கிறேன்' என்று அழுத்திய ஒப்பந்தம். 2025 மே மாதம் நின்டெண்டோ தன் அமெரிக்க ஒப்பந்தத்தில், விதி மீறினால் கருவியையே நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம் என்று எழுதிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளை எங்கிருந்தோ ஒருவர் செங்கல் ஆக்கலாம் என்பது எனக்கு ஏற்பில்லை. ஆனால் பெட்டியை வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நீங்கள் உடைத்த பெட்டியை விற்றாலும் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.

பூட்டைத் தொடாமலே தீரும் குறைக்காகச் சிலர் உடைக்கக் கேட்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4க்குள் கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரி ஒன்று இருக்கிறது. அது செத்து, இணையமும் இல்லாமல் இருந்தால் தட்டில் உள்ள கேம் கூட ஓடாது என்ற நிலை இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருளில் சோனி அதைச் சரிசெய்துவிட்டது. பேட்டரியை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். மின்விசிறியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டும் போட்டுத் தருகிறேன்.

காவல்துறை வந்தால்

கடைக்காரர்களுக்கு மட்டும் இது. 64ஆம் பிரிவின்படி உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி, ஆணை இல்லாமலே திருட்டுப் பிரதிகளையும் அதை உருவாக்கும் கருவிகளையும் பறிமுதல் செய்யலாம். வாக்குவாதம் வேண்டாம். வந்தவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பெட்டியையும் வரிசை எண்ணோடு எழுதிய பட்டியல் கேளுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவாகிறதா என்று பணிவாகக் கேட்கலாம். வாடிக்கையாளர் பழுதுக்குக் கொடுத்த பெட்டிகள் தனி அலமாரியில், பதிவேட்டின் பக்க எண் ஒட்டிய நிலையில் இருந்தால் எது யாருடையது என்று அங்கேயே காட்டிவிடலாம். பறிமுதலான பொருளில் உரிமை உள்ளவர், அது திரும்பக் கிடைக்கப் பதினைந்து நாளுக்குள் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். அந்தப் பதினைந்து நாள் பறிமுதல் தேதியிலிருந்து ஓடும், ஆகவே பெட்டியின் சொந்தக்காரருக்கு அன்றே போன் செய்துவிடுங்கள். அவர் எண் பதிவேட்டில் இருக்கும்.

பதிவேட்டைக் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதையும் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். முடிந்த பக்கங்களை மாதம் ஒருமுறை படம் எடுத்து வேறிடத்தில் வைத்திருப்பது இதற்காகத்தான். எழுதுவதற்குப் பால்பாயிண்ட் பேனாவே வாங்குங்கள். ஜெல் பேனா மை கார்த்திகை மழைக்குள் இழுகிப்போகும். நோக்கம் என்ற கட்டத்தில் நீல மேகம்தான் மிஞ்சும்.